லாமாக்கா

அக்கா எங்கள் வீட்டு மாடியில் குடிவந்த அன்று என் அம்மாவிடம் கேட்ட முதல் கேள்வி, "சுவத்துல ஆணி அடிக்கலாமா?" என்பதுதான். அம்மா சரி என்றாள். பெட்டியைக்கூடத் திறக்காமல் அடுத்த கேள்வி வந்தது. "மொட்டை மாடியில துணி காயப் போடலாமா?" அதற்கும் சரி. "சாயந்தரம் அங்கன உக்காந்து படிக்கலாமா?" அம்மாவுக்குப் பொறுமை போய்விட்டது.

"ஏ தாயி, ஒனக்குத்தான வீட்ட விட்டிருக்கு? இருந்து பொழைச்சுக்கோ. ஒவ்வொண்ணுக்கும் கீழ எறங்கி வந்து கேட்டா ஒனக்குக் கால் வலிக்கும், எனக்கு வாய் வலிக்கும்."

அக்கா சிரித்தாள். மறுநாள் காலையில் குடத்தோடு வந்து நின்று, "தண்ணி பிடிச்சுக்கிடலாமா?" என்று கேட்டாள்.

கொஞ்ச நாளிலேயே தெருவில் அவளுக்கு லாமாக்கா என்று பேர் விழுந்துவிட்டது. தறிக் கொட்டகையை எங்கள் ஊரில் செட்டு என்போம், அதன் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு "உள்ள வரலாமா?" என்பாள். தறி ஓடுகிற சத்தத்தில் அது ஒருவருக்கும் கேட்காது. யாராவது பார்த்துக் கையை அசைக்கிறவரைக்கும் வாசலிலேயே நிற்பாள். தறிக்கு வேண்டிய நூலைக் குழலில் சுற்றும், அதாவது தார் சுற்றுகிற பெண்களுக்குப் பக்கத்தில் போய் "உக்காரலாமா?" பேச்சு நடுவில், "இதை எழுதிக்கிடலாமா?" வேண்டாம் என்று சொன்னால் பேனாவை மூடிவிடுவாள். முகம் மாறாது. அதே பிரியத்தோடு மீதியைக் கேட்டுக்கொண்டிருப்பாள்.

அவளுக்கு வாசுதேவநல்லூர் பக்கம் ஒரு கிராமம். அப்பா வயலில் கூலி வேலை. சர்ச் பள்ளிக்கூடத்தில் படித்து, பாளையங்கோட்டையில் டிகிரி முடித்து, வடக்கே அந்தப் பெரிய பல்கலைக்கழகத்துக்குப் போனவள். பொருளாதாரமோ சமூகவியலோ படிப்பதென்றால் அங்கேதான் என்று நாடு முழுக்கப் பிள்ளைகள் போட்டி போடுகிற இடம். மந்திரிகளுக்கு யோசனை சொல்கிறவர்களும் மந்திரிகளைத் திட்டிக் கட்டுரை எழுதுகிறவர்களும் அங்கே ஒரே கேன்டீனில் டீ குடிப்பார்கள் என்று சொல்லியிருக்கிறாள். விசைத்தறித் தொழிலாளர்களைப் பற்றி ஆராய்ச்சி செய்யத்தான் சங்கரன்கோவிலுக்கு வந்திருந்தாள்.

"அவ்வளவு பெரிய எடத்துல படிச்சிட்டு, இங்கன வந்து தார் சுத்துதவகிட்ட என்னத்தக் கேக்குதா இவ?" என்று அம்மா என்னிடம் கேட்டாள்.

நான் அப்போது பி.காம். முடித்துவிட்டு வீட்டில் இருந்தேன். தெருவில் எல்லோரையும் எனக்குத் தெரியும் என்பதால் அக்கா என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். அதற்கும் அம்மாவிடம் கேட்டாள். என்னிடம் தனியாகக் கேட்டாள்.

ஏன் இப்படி எல்லாவற்றுக்கும் கேட்கிறாள் என்று ஒருநாள் மொட்டை மாடியில் வைத்து நானும் கேட்டுவிட்டேன்.

"எங்க ஊர்ல சில வீட்டு வாசல்ல எங்கப்பா நின்னு கூப்பிட்டுக்கிட்டே இருப்பாரு மக்கா. உள்ளருந்து பதில் வாரதுக்குள்ள வெயில் ஏறிரும். நானும் கூட நிப்பேன். வாசல்ல நின்னே பழகிட்டு. அப்புறம் யுனிவர்சிட்டிக்குப் போனேன். மொத நாள் வகுப்புல கைய ஒசத்தி, பேசலாமான்னு கேட்டேன். எல்லாரும் திரும்பிப் பாக்காங்க. அங்க ஒருத்தரும் கேக்க மாட்டாங்க, பேச ஆரம்பிச்சிருவாங்க. ஏழைங்க என்ன நெனைக்காங்கன்னு ஒருத்தன் மூச்சு விடாமப் பேசுனான். இவன் எந்த ஏழைகிட்டப் போய்க் கேட்டான்னு எனக்கு இருந்துச்சு. அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன், நான் எழுதுனா கேட்டுட்டுத்தான் எழுதணும்னு."

அவளுடைய அப்பா யார், எந்தத் தெரு என்றெல்லாம் அம்மா எப்படியோ விசாரித்துத் தெரிந்துகொண்டாள். அதன்பிறகு அக்காவுக்கு எவர்சில்வர் தம்ளரில் டீ வரவில்லை. பேப்பர் கப்பில் வந்தது. அக்கா அதை வாங்கிக் குடித்துவிட்டு, கசக்காமல் கொண்டுபோய்த் தெருக் குப்பைத் தொட்டியில் போடுவாள். எல்லாவற்றையும் கேட்கிறவள், அதைப் பற்றி மட்டும் அம்மாவிடம் கேட்கவே இல்லை.

கோமதி மதினியை அக்காவுக்குக் காட்டிக் கொடுத்தது நான்தான். கோமதி என்பது நான் இங்கே வைத்திருக்கும் பேர். எங்களுக்குச் சொந்தமில்லை, ஆனால் தெருவில் சிறுசு பெருசு எல்லோருக்கும் அவள் மதினிதான். ஒரு செட்டில் தார் சுற்றினாள். செட்டுக்குப் பின்னால் முதலாளி கட்டிவிட்டிருந்த வரிசை வீடுகளில் ஒன்றில் இருந்தாள். புருசனும் அதே செட்டில் தறி ஓட்டியவர்தான். ரொம்ப வருசத்துக்கு முன்னால் நெஞ்சுவலியில் இறந்துபோனார் என்று நாங்கள் எல்லோரும் நம்பியிருந்தோம். அவர் இறந்தபோது மகன் சங்கர் வெளியூர் ஹாஸ்டலில் படித்துக்கொண்டிருந்தான். பெரியவனானதும் முதலாளியின் சேலை மூட்டை வேனுக்கே டிரைவராகிவிட்டான்.

கரண்ட் இல்லாத ஒரு மத்தியானம் மதினி வீட்டுக்குப் போயிருந்தோம். தறி நின்றுபோனால் எங்கள் தெருவுக்குக் காது அடைத்ததுபோல் இருக்கும். மதினி என்னென்னவோ பேசிக்கொண்டிருந்தவள், சட்டென்று என்னைப் பார்த்து, "நீ கொஞ்சம் வெளிய இரு பிள்ள" என்றாள். நான் எழுந்து வந்து, எதிரே நிழலில் உட்கார்ந்தேன். கதவைச் சாத்திக்கொண்டார்கள். கரண்ட் வந்து தறிகள் மறுபடி ஓட ஆரம்பித்த பிறகுதான் அக்கா வெளியே வந்தாள். தெருக் குழாயில் முகம் கழுவினாள். கழுவிக்கொண்டே இருந்தாள். அன்றைக்கு என்னிடம் ஒன்றுமே சொல்லவில்லை.

அதற்குப் பிறகு மதினி வீட்டுக்குப் போகும்போதெல்லாம் அக்கா எழுதுவதைப் பற்றிப் பேச்செடுக்கவில்லை. ஒரே ஒரு தடவை கேட்டிருக்கிறாள். மதினி "அப்புறம் சொல்லுதேன்" என்றிருக்கிறாள். ஊருக்குக் கிளம்ப வேண்டிய நாள் நெருங்கியபோது மதினியே என் முன்னால் சொன்னாள்.

"எழுது பிள்ள. ஊர்ப் பேரு போடாத, எம்பேரு போடாத. ஆனா எழுது. ஒரு எடத்துலயாவது அது நெஞ்சுவலி இல்லைன்னு இருக்கட்டும்."

எனக்கு அப்போதுதான் விஷயம் சொல்லப்பட்டது. புருசன் ஈரக் கையோடு மோட்டார் சுவிட்சைத் தொட்டிருக்கிறார். எல்லோரும் வேலை பார்த்துக்கொண்டிருந்த நேரம், எல்லோர் கண் முன்னாலும் கரண்ட் அடித்திருக்கிறது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் போலீஸ் வரும், செட்டை மூடுவார்கள் என்று முதலாளி பயந்திருக்கிறார். தூக்கிக்கொண்டு போனால் தெரு பார்த்துவிடும் என்று, ஏற்றி வைத்திருந்த சேலை மூட்டைகளை ஒதுக்கிவிட்டு, வேனில் அவரைக் கிடத்தி, ஊரைச் சுற்றிப் பின்பக்கமாக வீட்டுக்குக் கொண்டுவந்து கட்டிலில் போட்டிருக்கிறார்கள். மதினி வேனில் அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து வந்திருக்கிறாள். நெஞ்சுவலி என்று அழச் சொன்னார்கள். அழுதாள். இந்த வீட்டை விட்டு உன்னை யாரும் எழுப்ப மாட்டார்கள், பையனை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று முதலாளி சொன்னார். அவர் சொன்ன சொல்லைக் காப்பாற்றவும் செய்தார். செட்டில் இருந்த ஒருவரும் வாயைத் திறக்கவில்லை.

அக்கா போய்விட்டாள். ஆராய்ச்சியை எழுதிக் கொடுத்தாள். பட்டம் வருவதற்கு முன்பே அங்கேயே தற்காலிகமாகப் பாடம் எடுக்கச் சொல்லிவிட்டார்கள். போனில் என்னிடம், "எங்கப்பாவ ரயில்ல கூட்டிட்டு வந்து வகுப்பறையக் காட்டுனேன் மக்கா. வாசல்லயே நின்னுட்டாரு. கையப் பிடிச்சு உள்ள இழுத்தேன்" என்றாள். அவ்வளவு சந்தோஷமாக அவள் குரலை அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை.

அவளுக்கு வழிகாட்டியாக இருந்த பேராசிரியர் பெரிய ஆள். அவர் புத்தகம் கல்லூரிகளில் பாடமாக இருந்ததாம். அவர் ஒரு கூட்டத்தில் பேசும்போது மதினியின் கதையைச் சொல்லிவிட்டார். தெற்கே ஒரு கோவில் நகரம், தறி, சேலை மூட்டைகளுக்கு நடுவே புருசன் தலையை மடியில் வைத்துக்கொண்டு போன ஒரு பெண். ஆங்கிலப் பேப்பரில் வந்து, தமிழ்ப் பேப்பரிலும் வந்துவிட்டது. அதில் பேரே இல்லை. எங்கள் தெருவில் அதைப் படித்த யாருக்கும் பேர் தேவைப்படவில்லை.

அக்கா பேராசிரியருக்குப் போன் செய்து, என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே சார் என்றிருக்கிறாள். எழுதி முடித்த பிறகு அது உனக்கோ அந்தப் பெண்ணுக்கோ சொந்தமில்லை, அறிவுலகத்துக்குச் சொந்தம் என்று அவர் சொன்னாராம்.

இங்கே முதலாளி சத்தம் போடவில்லை. மதினியைக் கூப்பிட்டு அனுப்பினார். பக்கத்தில் சங்கரை நிற்க வைத்துக்கொண்டு, "நீயா சொன்ன?" என்று மட்டும் கேட்டார்.

"அம்மன் சத்தியமா நான் யாருகிட்டயும் சொல்லல. எம்புருசன் நெஞ்சுவலியிலதான் போனாரு."

மகன் முகத்தைப் பார்த்துக்கொண்டேதான் அதைச் சொன்னாளாம். அதையே ஒரு பிளாஸ்டிக் சேரில் உட்கார வைத்துச் செல்போனில் பிடித்தார்கள். 'அந்தப் பொண்ணு இட்டுக்கட்டி எழுதிருக்கு' என்று மதினி சொல்கிற வீடியோ எல்லோர் போனுக்கும் வந்தது. பல்கலைக்கழகத்துக்கும் போய்ச் சேர்ந்தது. சமூகத்தைப் படிக்க வந்தவள் ஒரு விதவையின் பேரில் பொய்யை ஜோடித்துவிட்டாள் என்று முன்பின் தெரியாதவர்கள் எல்லாம் எழுதினார்கள். பல்கலைக்கழகம் விசாரணைக் குழு போட்டது.

அக்கா ரயிலேறி வந்துவிட்டாள். மாடி காலியாக இருந்தது. அம்மா சாவியை எடுத்துக் கொடுத்தாள்.

மறுநாள் காலையில் நானும் அவளும் மதினி வீட்டுக்குப் போனோம். கதவு பாதி திறந்திருந்தது.

"உள்ள வரலாமா மதினி?"

"வேண்டாம்."

எங்கள் தெருவில் அந்தக் கேள்விக்கு அப்படி ஒரு பதில் வந்து நான் கேட்டது அன்றைக்குத்தான். மதினி எழுந்து நிலைப்படிக்கு வந்தாள். இளைத்துப் போயிருந்தாள். இருமல் இருந்தது. "தெருவே பாக்கு பிள்ள. போயிரு."

"நான் பேரு போடல மதினி. ஊரு போடல. எங்க சார்தான்..."

"நீ போடல, சரி. எழுதலாமான்னு கேட்ட, நானும் சரின்னேன். எழுதுனா என்ன ஆகும்னு நீ எனக்குச் சொல்லலயே."

"எனக்கே தெரியாது மதினி."

"அவ்வளவு படிச்ச ஒனக்கே தெரியலைன்னா, எங்கிட்ட எதுக்குக் கேட்ட?"

அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். குனிந்தபடியே வந்த காரியத்தைச் சொன்னாள். "யுனிவர்சிட்டில விசாரிக்காங்க. நான் எழுதுன ஆளு நீங்கதான்னு ரகசியமா அவங்ககிட்ட மட்டும் சொல்லலாமா மதினி? வெளிய வராதும்பாங்க."

"மொதல்லயும் வெளிய வராதுன்னுதான நெனைச்ச?" மதினியின் குரலில் கோபமே இல்லை. "எம்மகன் அந்த வேனைத்தான் ஓட்டுதான். அவன்கிட்ட அம்மன் மேல சத்தியம் பண்ணிருக்கேன். சொல்லாத."

கதவை மெதுவாகச் சாத்தினாள்.

குழுவின் கூட்டம் கம்ப்யூட்டர் வழியாக நடந்தது. எங்கள் மாடி அறையில் லேப்டாப் முன்னால் அக்கா உட்கார்ந்திருந்தாள். கேமராவில் படாமல் நான் சுவரோரம் இருந்தேன். சின்னச் சின்னக் கட்டங்களில் முகங்கள். ஒருவருக்குப் பின்னால் கூரை வரைக்கும் புத்தகம். ஒரு கட்டத்தில் அவளுடைய பேராசிரியரும் இருந்தார், நிமிர்ந்தே பார்க்கவில்லை. ஒரு அம்மா, பின்னால் கேட்கிற சத்தம் என்ன என்று கேட்டார். தறி என்றாள் அக்கா. கொஞ்ச நேரம் நிறுத்தச் சொல்ல முடியுமா என்றார். முடியாது மேடம் என்றாள்.

அவர்கள் கடுமையாகவெல்லாம் பேசவில்லை. அன்பாகத்தான் பேசினார்கள். வீடியோவில் இருக்கும் பெண்தான் நீ எழுதிய பெண்ணா? ஆம் என்று ஒரு சொல் சொன்னால் போதும், அவள் மிரட்டலுக்குப் பயந்து பேசியிருக்கிறாள் என்று நாங்கள் புரிந்துகொள்வோம், உன் பட்டம் உனக்கு என்றார்கள்.

"சொல்ல எனக்கு அனுமதி இல்லை" என்றாள் அக்கா.

நாங்கள் அனுமதி தருகிறோம் என்றார் புத்தகக்காரர்.

"நீங்க தர முடியாது சார்."

அதை மட்டும் தமிழில் சொல்லிவிட்டாள். பிறகு அவளே ஆங்கிலத்தில் திருப்பிச் சொன்னாள். கொஞ்ச நேரம் தறிச் சத்தம் மட்டும்தான் கேட்டது. ஒவ்வொரு கட்டமாக அணைந்தது.

ஆய்வேட்டைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். பாடம் எடுக்கிற வேலையும் அத்தோடு போயிற்று. பேராசிரியர் அடுத்த வருசம் இன்னொரு கூட்டத்தில் ஆராய்ச்சியாளர்களுக்கு இருக்க வேண்டிய அறத்தைப் பற்றிப் பேசினார் என்று அக்காவின் தோழி ஒருத்தி சொன்னாள்.

அக்கா வாசுதேவநல்லூருக்கே திரும்பிவிட்டாள். ஒரு டியூஷன் சென்டரில் பிளஸ் டூ பிள்ளைகளுக்குப் பொருளாதாரம் எடுத்தாள். நான் இங்கே ஒரு தனியார் பள்ளியில் கணக்குப்பதிவியல் டீச்சராகச் சேர்ந்திருந்தேன். எப்போதாவது போய்ப் பார்ப்பேன். மதினியைப் பற்றி அவள் விசாரிப்பாள். நான் சொல்லலாமா என்று யோசித்துச் சொல்வேன்.

மதினிக்கு நுரையீரல் கெட்டுப்போயிருந்தது. பஞ்சுத் தூசி என்றார்கள். கடைசியில் பேச்சுத் தடுமாறி, படுக்கையில் கிடந்து, "மூட்டைய நகட்டுங்க, மூட்டைய நகட்டுங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தாளாம். அப்படியே போய்விட்டாள். முதலாளி பெரிய மாலையோடு வந்து, கடைசிவரை நின்றார்.

கருமாதி முடிந்து சங்கர் என் வீட்டுக்கு வந்தான். மொட்டைத் தலை. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"டீச்சர், அந்தக்கா எங்க இருக்காவ? என்னைய அவுககிட்டக் கூட்டிட்டுப் போங்க."

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் பஸ்ஸில் போனேன், அவன் பைக்கில் வந்தான். அக்கா வீட்டில் இருந்தாள். அவனைப் பார்த்ததும் யார் என்று தெரிந்துவிட்டது. அவன் நேராகக் கேட்டான்.

"எங்கம்மா ஒங்ககிட்டச் சொன்னாளா?"

அக்காவின் அப்பா பக்கத்தில் பாயில் உட்கார்ந்திருந்தார். அக்கா அவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். சொல்லாதே என்று சொன்னவள் இப்போது இல்லை. கேட்க ஆள் இல்லை. அவள் யாரிடமும் கேட்காமல் செய்த காரியம் ஒன்றை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"உக்காரு தம்பி" என்றாள். சொன்னாள். ஈரக் கையிலிருந்து ஆரம்பித்து, கட்டில் வரைக்கும். மதினி பேசுகிற மாதிரியே, மதினியின் வார்த்தைகளிலேயே. படிக்கும்போது பல்கலைக்கழகத்தில் அப்படி ஒரு பயிற்சி கொடுப்பார்களா, இல்லை அவள் பிறவியிலேயே அப்படியா, தெரியவில்லை. எங்கள் முன்னால் மதினி உட்கார்ந்து பேசுவது போலிருந்தது. சங்கர் அழவில்லை. சுவரில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தான்.

முடிந்ததும் ஒன்று கேட்டான்.

"வேன்ல ஏத்தும்போது எங்கப்பாவுக்கு உசுரு இருந்துச்சா?"

அக்கா பாயின் ஓரத்தை இழுத்து நேராக்கினாள்.

"மடியில தலை இருந்துச்சுன்னா அம்மாவுக்குத் தெரிஞ்சிருக்கும்லா?"

"தெரிஞ்சிருக்கும்."

"நீங்க கேக்கலியா?"

"கேக்கல தம்பி."

"எல்லாத்தையும் கேப்பியளாமே."

"அதை மட்டும் கேக்கல."

அவன் கொஞ்ச நேரம் அவளையே பார்த்தான். பிறகு எழுந்து, அவள் அப்பாவைக் கும்பிட்டுவிட்டு வெளியே போனான். அந்த வாரமே வேன் சாவியை முதலாளியிடம் கொடுத்துவிட்டு, பெண்டாட்டி பிள்ளையோடு திருப்பூருக்குப் போய்விட்டான். முதலாளியின் செட்டு இன்றைக்கும் ஓடுகிறது. பக்கத்து மனையையும் வாங்கிப் பெரிதாகக் கட்டியிருக்கிறார்.

இதை எழுதலாமா என்று போன வாரம் சங்கரைப் போனில் கேட்டேன். ஆளு பேரை மட்டும் மாத்திட்டு எழுதுங்க டீச்சர், ஊர் பேரு இருக்கட்டும் என்றான். போனை வைக்கப் போனவன், நிறுத்தினான்.

"அந்தக்கா அன்னைக்குக் கேக்கலைன்னு சொல்லுச்சு பாத்தியளா? அது பொய் டீச்சர். அம்மாகிட்ட அந்தக்கா கேட்டிருக்கும். அம்மாவும் சொல்லிருப்பா. உசுரு இல்லைன்னா அன்னைக்கே எங்கிட்டச் சொல்லிருக்கும்லா."

நான் போனை மறு காதுக்கு மாற்றினேன்.

"எனக்குத் தெரியும்னு அதுகிட்டச் சொல்லிராதிய" என்றான். "கேக்கலைன்னே இருக்கட்டும்."